வல்கனுக்குச் சந்திரன் உண்டா?

வல்கன் என்று ஒரு கிரகம். அதற்குச் சந்திரன் உண்டா, இல்லையா? இந்த வழக்கு 1973-ம் வருஷத்தில் தொடங்கி இன்றுவரை தீர்ந்தபாடில்லை. வாதிகளும் பிரதிவாதிகளும் நன்றாகப் படித்தவர்கள். கணக்குத் தெரிந்தவர்கள், வான சாஸ்திரம் தெரிந்தவர்கள், பக்கம் பக்கமாக ஆதாரம் காட்டக் கூடியவர்கள். வழக்குக்குரிய சொத்து மட்டும் எங்கும் கிடையாது. அந்தக் கிரகம் ஒரு கதையில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை.

சங்கதி இதுதான். அமெரிக்காவில் 1966-ம் வருஷம் "ஸ்டார் டிரெக்" என்று ஒரு டெலிவிஷன் கதை தொடங்கிற்று. ஆகாயக் கப்பலில் ஏறி நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகிறவர்களின் கதை. அதில் ஸ்பாக் என்று ஒருவர். அவருடைய தகப்பனார் வல்கன் கிரகத்தார். தாயார் நம் பூமியைச் சேர்ந்தவர். வல்கன்காரர்களுக்குக் காது கூராக இருக்கும்; இரத்தம் பச்சையாக இருக்கும்; கோபதாபங்களை அடக்கித் தர்க்கம் ஒன்றையே வாழ்க்கையின் நெறியாக வைத்திருப்பார்கள். தர்க்கத்தைத் தவிர வேறு தெய்வம் இல்லாத அந்த ஜனங்களின் கிரகத்தைப் பற்றித்தான் தர்க்கத்துக்கு அடங்காத இந்த வழக்கு நடக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

1966-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி ஒளிபரப்பான கதையில் உஹுரா என்ற பெண் உத்தியோகஸ்தர், பௌர்ணமி இரவில் உங்கள் வல்கன் எப்படி இருக்கும் என்று ஸ்பாக்கைக் கேட்கிறார். வல்கனுக்குச் சந்திரனே கிடையாது என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார். நல்லது. ஏழு வருஷம் கழித்து, 1973-ல், அதே கதை சித்திரப் படமாக வந்தது. அதில் ஸ்பாக்கின் பிள்ளைப் பிராயத்தைச் சொல்லும் பாகத்தில் வல்கனின் வானத்தைக் காட்டினார்கள். அங்கே பிரம்மாண்டமாக ஒரு கோளம் தொங்குகிறது! 1979-ல் சினிமா வந்தது. அதிலும் வல்கனின் வானத்தில் பெரிய கோளங்கள்.

சாதாரண மனிதனாயிருந்தால் என்ன சொல்வான்? "முதலில் வசனம் எழுதியவர் ஒருவர், பிறகு படம் வரைந்தவர் வேறொருவர், முன்னவர் சொன்னதைப் பின்னவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் லட்சியம் செய்யவில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். அபிமானிகள் அப்படிப் போகவில்லை. போனால் ஸ்பாக் சொன்னது பொய்யாகிவிடும்; அல்லது கண்ணால் கண்ட படம் பொய்யாகிவிடும். இரண்டும் மெய்யாக இருந்தே தீரவேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த முடிவுக்கு வழி தேடப் புறப்பட்டார்கள்.

வழி கிடைக்காமலா போகும்? வானத்தில் தெரிவது சந்திரன் அல்ல, இன்னொரு கிரகம் என்றார்கள். அதாவது வல்கனும் அதுவும் இரட்டைக் கிரகங்களாம். இரண்டுக்கும் பொதுவான ஒரு மையத்தைச் சுற்றி வருகின்றனவாம். சுற்றுவது கிரகமானால் அது சந்திரன் ஆகாதல்லவா? ஆகவே சந்திரன் இல்லை என்று ஸ்பாக் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை! அந்தச் சோதரக் கிரகத்துக்குப் பெயரும் வைத்தாயிற்று. 1988-ல் டயேன் டுவேன் என்ற அம்மையார் எழுதிய நாவலில் அது ஸ்தாபிதமும் ஆகிவிட்டது. இது ஒரு கட்சி. சித்திரப் படமே பிரமாணமல்ல, அதில் கண்டது செல்லாது என்பது இன்னொரு கட்சி. அந்தக் கட்சிக்கு 1979-ம் வருஷத்துச் சினிமா வந்ததும் வாயடைத்துப் போய்விட்டது.

இரட்டைக் கிரகம் என்ற யோசனை புத்திசாலித்தனமானது என்பதை நாம் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட அமைப்பு இயற்கைக்கு விரோதமுமல்ல. புளூட்டோவும் அதன் துணையான கேரனும், இரண்டுக்கும் வெளியே உள்ள ஒரு மையத்தைத்தான் சுற்றி வருகின்றன. ஆனால் நாம் கேட்பது வேறு. அந்த யோசனை எப்படிப் பிறந்தது? வானத்தை ஆராய்ந்தா பிறந்தது? ஒரு வசனத்தைக் காப்பாற்றவே பிறந்தது. சந்திரன் இல்லை என்று அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கிரகத்துக்குப் பிறப்பே கிடையாது.

இன்னொன்று பாருங்கள். 1966 டிசம்பரில் வந்த ஒரு கதையில், எங்கள் தகப்பன் வழியாருக்கு மதுவினால் வரும் நன்மை எதுவும் கிட்டவில்லை என்று ஸ்பாக் சொல்ல, கப்பல் டாக்டர், ஓஹோ, அதனால்தான் உங்கள் ஜனங்கள் பிறரிடம் தோற்று அடிமையானார்களா என்ற பொருளில் இடித்துப் பேசுகிறார். 1968 ஜனவரியில் வந்த கதையிலோ, வல்கன் எவராலும் ஜெயிக்கப்பட்டதாக அங்குள்ளவர்களின் நினைவுக்கு எட்டியவரை ஒன்றுமில்லை என்று ஸ்பாக்கே சொல்லுகிறார். ஒரு வருஷத்து இடைவெளியில் ஒரு கிரகத்தின் சரித்திரமே தலைகீழாகிவிட்டது. இதற்கும் சமாதானம் உண்டு. டாக்டர் பரிகாசம் செய்தார் என்பார்கள். டாக்டருக்குச் சரித்திரம் தெரியாது என்பார்கள். ஜெயித்தது பிற கிரகத்தாரல்ல, தர்க்கந்தான் என்றுகூடச் சொல்வார்கள். வாரம் ஒரு கதை வீதம் பலபேர் கூடி அவசரத்தில் எழுதிப் படமெடுத்த காரியம் அது, ஒருவர் எழுதியது மற்றவருக்கு நினைவில்லை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். எழுதினவனுக்கு மறதி உண்டு என்று ஒப்புக்கொள்வதில் இவர்களுக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை!

நிற்க. கதைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்வதே பைத்தியக்காரத்தனம் என்று சொல்வது நம் கருத்தல்ல. அப்படிச் சொல்லி இவர்களைப் பரிகாசம் செய்கிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் தங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய முரண்களை வாயைத் திறக்காமல் விழுங்குகிறவர்கள். அபிமானிகளின் உழைப்பு லேசானதல்ல. 1968-ல் கம்பெனி இந்தக் கதையை நிறுத்திவிட இருந்தபோது கடிதம் கடிதமாக எழுதி மூன்றாம் வருஷத்துக்கு உயிர் கொடுத்தது அவர்களே. கதைகளில் வரும் ஒவ்வொரு கிரகத்தையும், ஒவ்வொரு பெயரையும் அகராதி முறையில் தொகுத்து 1969-லேயே அச்சிட்டு விநியோகித்ததும் அவர்களே. பிஜோ டிரிம்பிள் அம்மையாரும் அவருடைய சிநேகிதர்களும் செய்த வேலை அது. முதலாளிக்குத் தோன்றாத காரியத்தை ரசிகர்கள் கூலியில்லாமல் செய்தார்கள். 1976-ல்தான் அதைப் பெரிய பதிப்பகம் ஒன்று புஸ்தகமாகப் போட்டது.

இந்த மாதிரி விளையாட்டு புதிதுமல்ல. கோனன் டாயில் என்ற ஆங்கில ஆசிரியர் துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதினார். ஹோம்ஸின் சிநேகிதரான டாக்டர் வாட்ஸன் யுத்தத்தில் குண்டடி பட்டவர். 1887-ம் வருஷத்துக் கதையில் காயம் தோளில்; 1890-ம் வருஷத்துக் கதையில் காயம் காலில். அவருடைய பெயர் ஜான். ஆனால் 1891-ல் வந்த கதையில் அவருடைய சொந்த மனைவியே அவரை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். டாரத்தி சேயர்ஸ் என்ற எழுத்தாளர் அம்மையார் இதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். வாட்ஸனின் பெயரில் நடுவிலுள்ள "எச்" என்ற எழுத்து ஹாமிஷ் என்ற பெயரைக் குறிக்கிறதாம். ஹாமிஷ் என்பது ஸ்காத்லாந்து பாஷையில் ஜேம்ஸ்தானாம். ஆகவே மனைவி கூப்பிட்டது சரியாம்! இதைப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். வரவேண்டும் என்றுதான் எழுதினார். தாம் செய்வது விளையாட்டு என்பது அவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

அந்த விளையாட்டை 1911-ல் பிரபலமாக்கியவர் ரோனல்டு நாக்ஸ் என்பவர். பிற்காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாராகிப் பைபிளையே மொழிபெயர்த்தவர். பைபிள் ஏடுகளை அலசிய ஜெர்மன் பண்டிதர்களின் முறையைக் கேலி செய்வதற்காக, அதே முறையை ஹோம்ஸ் கதைகளின்மேல் பிரயோகித்து ஒரு கட்டுரை வாசித்தார். அவர் கேலி செய்ய நினைத்தது பண்டிதர்களை. ஆனால் கேலி இரண்டு பக்கமும் வெட்டிவிட்டது! வேத ஏட்டுக்குச் செய்கிற சமாதானத்தைத் துப்பறியும் கதைக்கும் செய்ய முடியும் என்றால், சமாதானம் செய்ய முடிவதனாலேயே ஒரு ஏடு மெய்யாகிவிடாது என்பதுதானே அர்த்தம்? டாயில் துரையோ, இந்தச் சரக்குக்கு ஒருவர் இவ்வளவு பாடுபட்டாரே என்று அதிசயித்து நாக்ஸுக்குக் கடிதம் எழுதினார். எழுதினவருக்கே தாம் எழுதியதில் அத்தனை மரியாதை!

"கானன்" என்று ஒரு வார்த்தையை இந்த அபிமானிகள் வாய்க்கு வாய் உச்சரிக்கிறார்கள். எது கானன், எது கானன் அல்ல என்பதுதான் அவர்களுடைய எல்லா வழக்குக்கும் அஸ்திவாரம். அது கிறிஸ்தவ மடாலயத்து வார்த்தை. எந்த ஏடு தெய்வ வாக்கு, எந்த ஏடு தள்ளுபடி என்று குருமார் கூடித் தீர்மானித்த பட்டியலுக்கு அந்தப் பெயர். வார்த்தையோடு வழக்கமும் கூடவே வந்துவிட்டது. யேசுவைக் காட்டிக் கொடுத்த யூதாஸ் தூக்குப் போட்டுக்கொண்டு செத்தான் என்கிறது மத்தேயுவின் சுவிசேஷம். தலைகுப்புற விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டையும் எப்படிப் பொருத்துவது? தூக்குப் போட்டுக்கொண்டான், கயிறு அறுந்தது, கீழே விழுந்தான், வயிறு வெடித்தது என்று சொல்லிப் பொருத்திவிட்டார்கள். கயிறு அறுந்த சங்கதி எந்த ஏட்டிலும் இல்லை. வல்கனின் சோதரக் கிரகம் எப்படிப் பிறந்ததோ அப்படியே இந்த அறுந்த கயிறும் பிறந்தது.

நம் புராண வியாக்கியானக்காரர்களும் இளைத்தவர்களல்லர். ஒரே சம்பவத்தை இரண்டு புராணம் இரண்டு விதமாகச் சொன்னால் "கற்ப பேதம்" என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார்கள். அது ஒரு கற்பத்தில் நடந்தது, இது வேறொரு கற்பத்தில் நடந்ததாம். இதென்ன பழங்காலத்து வித்தை என்று நினைக்க வேண்டாம். 2009-ல் வந்த ஸ்டார் டிரெக் சினிமாவில் வல்கன் கிரகத்தையே அழித்துவிட்டார்கள். அப்படியானால் பிந்திய காலத்து நிகழ்ச்சியாக முன்பே காட்டப்பட்ட கதைகளில் வல்கன் முழுசாக இருந்ததே, அது எப்படி? அது வேறொரு காலவோட்டம், இது வேறொரு காலவோட்டம் என்று சினிமாவுக்குள்ளேயே சமாதானம் வைத்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் டாலர் செலவழித்து அமெரிக்கர் கண்டுபிடித்தது கடைசியில் கற்ப பேதம்!

இவ்வளவும் விளையாட்டாக இருக்கும் வரையில் நமக்கு ஆட்சேபணை இல்லை. வல்கனுக்குச் சந்திரன் உண்டென்று நம்பினவனுக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யார் தீர்ப்புச் சொல்வது என்ற கேள்வி வந்தவுடன் இந்தப் புத்திசாலிகள் தங்கள் புத்தியைக் கொண்டுபோய் எங்கே அடகு வைக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம். கதைக்கு உரிமை வாங்கின கம்பெனி எதைச் சொல்லுகிறதோ அதுவே கானன் என்கிறார்கள். கம்பெனி நேற்று ஒன்று சொன்னது, இன்று ஒன்று சொல்லுகிறது என்றால், நேற்றுவரை இருந்த கிரகம் இன்று முதல் இல்லை என்கிறார்கள்.

மேலே சொன்ன சித்திரப் படத்தின் கதியைப் பாருங்கள். 1980-களின் கடைசியில் கதையின் மூலகர்த்தாவான ராடன்பெரியின் ஆபீஸ் அதைத் தள்ளிவைத்தது. 2000-களில் அதைக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த சமயத்தையொட்டி மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இடையில் படத்தில் ஒரு கோடாவது மாறிற்றா? இல்லை. தள்ளிவைத்திருந்த காலத்திலும் வேண்டியதை எடுத்துக்கொள்ளத் தயங்கவில்லை. கப்பல் தலைவர் கர்க்கின் நடுப்பெயர் டைபீரியஸ் என்பது அந்தச் சித்திரப் படத்தில்தான் முதன்முதல் வந்தது. 1991-ம் வருஷத்துச் சினிமாவில் அந்தப் பெயரை எடுத்து ஆண்டார்கள். ஜாதிக்கு ஆகாதவன் வீட்டுச் சாப்பாடு மட்டும் ஆகும் என்பதுபோல!

இன்னொரு கம்பெனியின் நியாயம் இதைவிட அழகு. "ஸ்டார் வார்ஸ்" கதையில் ராஜதானியாக உள்ள கிரகத்துக்குக் கோரஸாண்ட் என்று பெயர் வைத்தவர் திமத்தி ஜான் என்ற நாவலாசிரியர்; 1991-ல் வைத்தார். பிறகு அந்தப் பெயர் சினிமாவில் ஏறிற்று. 2012-ல் டிஸ்னி கம்பெனி அந்தக் கதையின் சொத்து முழுவதையும் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல்கள் யாவும் கானன் அல்ல, வெறும் கட்டுக்கதைகள் என்று அறிவித்தது. ஜானின் நாவலும் தள்ளுபடி. அவர் பெயரிட்ட கிரகம் மட்டும் தள்ளுபடியாகவில்லை. இருபது வருஷம் காசு கொடுத்து அந்த நாவல்களை வாங்கிப் படித்தவன், தான் படித்தது "நடக்கவில்லை" என்று கேட்டுத் தலையசைக்க வேண்டுமாம். நாம் கேட்கிறோம்: தள்ளப்பட்ட நாவலில் நடக்காதது, தள்ளப்படாத நாவலில் மட்டும் நடந்ததா? இரண்டும் கட்டுக்கதைதானே? கட்டுக்கதையில் உயர்ந்த குலம் தாழ்ந்த குலம் என்று பிரிக்க ஒரு கம்பெனிக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அச்சடிக்கும் உரிமை அதற்கு உண்டு. விற்கும் உரிமை உண்டு. படித்தவன் மனதில் இருப்பதை அடித்துத் திருத்தும் உரிமையும் சேர்த்தா பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள்?

இந்த ஒரு சங்கதி முக்கியம்: 1979-ம் வருஷத்துச் சினிமாவை 2001-ல் திருத்தி வெளியிட்டபோது, வல்கனின் வானத்திலிருந்த கோளங்களைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் வாதாடி அபிமானிகள் அந்தக் கோளங்களுக்குப் பெயரும், எடையும், சுற்றுப் பாதையும் கண்டுபிடித்திருந்தார்கள். தூரிகை ஒரே இழுப்பில் அதற்கு முடிவு கட்டிற்று. பழைய பிரதியும் புதிய பிரதியும் இன்று இரண்டுமே விலைக்குக் கிடைக்கின்றன. வேண்டியவர்கள் வேண்டிய வானத்தை வாங்கிக்கொள்ளலாம்.

வல்கன் எந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்ற வழக்கு நடந்த விதம் இதைவிட மேல். அது எப்படி என்று சொல்லுகிறோம். டெலிவிஷன் கதையில் அந்த நட்சத்திரத்தின் பெயர் சொல்லப்படவில்லை. 1968-ல் ஜேம்ஸ் பிளிஷ் என்பவர் எழுதிய புஸ்தகத்தில் 40 எரிடானி என்றார். 1980-ல் வந்த ஒரு புஸ்தகமோ எப்சிலான் எரிடானி என்றது. 1991-ல் ராடன்பெரியும் மூன்று வான சாஸ்திரிகளும் சேர்ந்து "ஸ்கை அண்டு டெலஸ்கோப்" பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எப்சிலான் எரிடானிக்கு வயது சுமார் 100 கோடி வருஷந்தான். அதைச் சுற்றும் கிரகத்தில் உயிர் தோன்றியிருந்தாலும் நுண்ணுயிர் நிலையைத் தாண்டியிருக்காது. 40 எரிடானிக்கு வயது சுமார் 400 கோடி வருஷம். அங்கே நாகரிகமுள்ள ஜனங்கள் உண்டாக அவகாசம் இருந்திருக்கும். ஆகையால் பின்னதே சரி என்றார்கள். கதையை உண்டாக்கினவரே கையெழுத்திட்டிருந்தும், நான் சொல்லுகிறேன், நம்பு என்று சொல்லவில்லை பாருங்கள்! இன்ன காரணத்தால் இது பொருந்தும் என்று காரணம் காட்டினார்கள். காரணம் காட்டினால் மற்றவன் அதை நிறுத்துப் பார்க்கலாம், மறுக்கலாம். கட்டளையை மறுக்க முடியாது; கீழ்ப்படியலாம், அல்லது மீறலாம்.

பிறகு நடந்தது இன்னும் ரசமானது. 2018-ல் அமெரிக்க வான சாஸ்திரிகள், 40 எரிடானி நட்சத்திரத்தைச் சுமார் 42 நாளுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு கிரகம் உண்டென்று நிஜமாகவே அறிவித்தார்கள். பூமியைப்போல் எட்டு மடங்குக்கு மேல் கனம். வல்கன் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. அபிமானிகளின் ஆனந்தத்தைக் கேட்க வேண்டியதில்லை. 2024-ல் வேறு சாஸ்திரிகள் இன்னும் நுட்பமான கருவியால் பார்த்து, அது கிரகமல்ல என்று காட்டினார்கள். நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளச் சுமார் 42 நாளாகிறது. அதன் மேற்பரப்பில் நடக்கும் கொந்தளிப்புத்தான் கிரகத்தைப்போல் மயக்கிற்று என்றார்கள். முதலில் கிரகம் என்றவர்களை யாராவது துரோகி என்றார்களா? இல்லை என்றவர்களை யாராவது நாஸ்திகர் என்றார்களா? நட்சத்திரத்துக்குப் பின்னால் இன்னொரு கிரகம் ஒளிந்திருக்கிறது, இரண்டு கூற்றும் மெய்யே என்று சமாதானந்தான் சொன்னார்களா? அளந்தார்கள், இல்லையென்று கண்டார்கள், எழுதினார்கள்.

சாஸ்திரத்திலும் முன்பே ஒரு வல்கன் இருந்து மறைந்தது. அதையும் அபிமானிகள் தெரிந்துகொள்வது நல்லது. புதன் கிரகம் கணக்குப்படி நகராமல் சிறிது விலகுகிறது என்று பிரெஞ்சு நாட்டு லெவரியே 1859-ல் காட்டினார். அவர் சாமானியரல்லர், 1846-ல் காகிதத்தில் கணக்குப் போட்டே நெப்டியூன் இருக்கும் இடத்தைச் சொன்னவர். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே காணாத கிரகம் ஏதோ இருக்கவேண்டும் என்றார். லெஸ்கார்போ என்ற கிராமத்து வைத்தியர் தாம் அதைப் பார்த்ததாகச் சொன்னார். வல்கன் என்று பெயரும் வைத்தார்கள். வைத்தியருக்குச் சர்க்கார் விருதும் கொடுத்தது. 1878-ம் வருஷத்துச் சூரிய கிரகணத்தில்கூட அதைக் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. 1915-ல் ஐன்ஸ்டீன் புதிய கணக்கொன்று போட்டார். நூறு வருஷத்துக்கு 43 விகலை என்ற அந்த விலகல், எந்தக் கிரகத்தின் தயவும் இல்லாமல் அதில் அப்படியே வந்து விழுந்தது. அன்றோடு வல்கன் ஒழிந்தது. லெவரியேயின் பெருமைக்கு அதனால் பங்கம் வந்துவிடவில்லை. நெப்டியூனைக் கண்டவர் வல்கனில் தவறினார் என்று பாடப் புஸ்தகத்திலேயே எழுதுகிறார்கள். இந்தத் தைரியம் ஒரு டெலிவிஷன் வசனத்தைப் பற்றிச் சொல்லக்கூட ஏன் வரவில்லை?

இது வெறும் வேடிக்கைச் சண்டை, இதற்கு இவ்வளவு எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். கானன் என்ற தடியை எதற்கு ஓங்குகிறார்கள் என்று பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2022-ல் டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியரின் கதையைத் தழுவி ஒரு தொடர் வந்தது. அதில் வெள்ளைத் தோலில்லாத நடிகர்கள் தேவ ஜாதியாராகவும் குள்ளர்களாகவும் வேஷம் போட்டார்கள். உடனே மூலத்துக்கு விரோதம், கானனுக்கு விரோதம் என்று கூச்சல் கிளம்பிற்று. நடிகர்கள்மேல் பொழிந்த நிறத்துவேஷ வசவு தாங்கமுடியாத அளவுக்குப் போனதால், அந்த வருஷம் செப்டம்பரில் தயாரிப்பாளர்கள் அதைக் கண்டித்து அறிக்கை விட நேர்ந்தது. இந்த டோல்கீனுடைய யோக்கியதையையும் சொல்லிவிடுகிறோம். தம் கதையின் உலகம் ஆதியில் தட்டையாக இருந்து பிறகு உருண்டையாயிற்று என்று எழுதியவர் அவர். கடைசிக் காலத்தில், இல்லை, முதலிலிருந்தே உருண்டைதான் என்று மாற்றிவிடலாமா என்று குறிப்பு எழுதிப் பார்த்து, முடிவுக்கு வராமலே 1973-ல் காலமானார். உலகம் தட்டையா உருண்டையா என்பதே மூலகர்த்தாவுக்கு நிச்சயப்படவில்லை. அதில் வாழ்ந்தவர்களின் தோல் நிறம் மாத்திரம் இவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது!

வல்கனும் இதற்குத் தப்பவில்லை. 1995-ல் தொடங்கிய தொடரில் டிம் ரஸ் என்ற கறுப்பு நடிகர் டூவாக் என்ற வல்கன்காரராக வந்தபோது, வல்கனில் கறுப்பர் உண்டா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். வல்கன் எப்படிப்பட்ட இடம்? பூமியைவிட வெப்பம் அதிகம்; மணலும் பாறையும் நிறைந்த பாலைவனம்; வெயிலின் கொடுமைக்காகக் கண்ணுக்குள் இன்னொரு இமை முளைத்த ஜனங்கள் அவர்கள் என்று 1967-ம் வருஷத்துக் கதையே சொல்லுகிறது. அப்படிப்பட்ட வெயிலில் வெள்ளைத் தோல் இருந்ததற்கு ஒரு சமாதானமாவது யாராவது தேடினார்களா? சந்திரனுக்குத் தேடினார்கள், டாக்டரின் வசவுக்குத் தேடினார்கள், வாட்ஸனின் காலுக்கும் தேடினார்கள். இதற்கு மட்டும் தேடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வல்கனில் கறுப்பர் இருக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது என்கிறவர்கள் எந்த வருஷம், எந்தக் கதை, எந்தக் காட்சி என்று காட்டட்டும். சந்திரனுக்கு இத்தனை ஆதாரம் எடுத்துக் காட்டினவர்களுக்கு அது ஒரு சிரமமல்ல.